கேஷுவாலிட்டியிலிருந்து ஜர்னலுக்கு: டெல்டாவில் அவசர மருத்துவம் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எமர்ஜென்சி மெடிசினில் எம்.டி. சேர்ந்து டூட்டி ரோஸ்டரில் பெயர் ஏறிய கையோடு இன்னொரு பட்டியலிலும் பெயர் ஏறிவிடும்: ஜர்னல் கிளப், அதாவது ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து வந்து துறையில் விவாதிக்கும் கூட்டம். எந்த ஜர்னல், எந்தப் பேப்பர், எங்கிருந்து எடுப்பது என்று உட்கார்ந்து சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. சீனியரிடம் கேட்டால், "இம்பாக்ட் ஃபேக்டர் நல்லா இருக்கிறதாப் பார்த்து எடு" என்பார். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் ஆகின்றன என்று சொல்லும் எண் அது. பாதிக் குழப்பம் அந்த அறிவுரையில்தான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி அரசு மருத்துவக் கல்லூரிகளுக்குப் புதிதாக வருகிற பி.ஜி.க்களையும், ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள ஹவுஸ் சர்ஜன்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வேறு துறைக்காரர்கள் இதழ்களின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: இதழ்களின் குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் துறை வயதில் சின்னது. அமெரிக்காவில் அவசர மருத்துவர்களின் 'கல்லூரி' என்ற தொழில்முறைச் சங்கம் 1968-இல் தொடங்கியது. 1972-இல் அது தனக்கென்று ஓர் இதழை ஆரம்பித்தது. அங்கே அவசர மருத்துவம் தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது 1979-இல்தான். அதாவது துறைக்கு முன்பே இதழ் வந்துவிட்டது. "எங்களுக்கென்று தனி அறிவு இருக்கிறது, இதோ பாருங்கள்" என்று காட்டுவதற்கு அவர்களிடம் இருந்த சான்றுகளில் அந்த இதழும் ஒன்று. 1980-இல் அது 'ஆனல்ஸ் ஆஃப் எமர்ஜென்சி மெடிசின்' என்று பெயர் மாறி, இன்றும் துறையின் முன்னணி இதழ்களில் ஒன்றாக இருக்கிறது.

பிரிட்டனில் 1984-இல் 'ஆர்க்கைவ்ஸ் ஆஃப் எமர்ஜென்சி மெடிசின்' என்று தொடங்கியதுதான் இன்றைய 'எமர்ஜென்சி மெடிசின் ஜர்னல்'. 1994-இல் 'அகடமிக் எமர்ஜென்சி மெடிசின்' வந்தது. இதயம் நின்றவரை மீட்பது பற்றி மட்டும் பேசும் 'ரிசசிடேஷன்' 1972-லிருந்தே இருக்கிறது. இந்தியாவில் மருத்துவக் கவுன்சில் நம் துறையை 2009-இல் அங்கீகரித்தது. அதற்கு முந்தைய ஆண்டே 'ஜர்னல் ஆஃப் எமர்ஜென்சிஸ், ட்ராமா அண்ட் ஷாக்' வெளிவரத் தொடங்கிவிட்டது. இங்கேயும் இதழ்தான் முந்திக்கொண்டது.

இந்த வரலாறு வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு மட்டுமல்ல. ஓர் இதழை எந்தச் சங்கம் நடத்துகிறது, அது யாருக்காகத் தொடங்கப்பட்டது என்று தெரிந்தால் அதில் எந்த மாதிரிக் கேள்விகள் வரும் என்று ஊகித்துவிடலாம். ஆனல்ஸில் மாரடைப்பு, சி.டி. ஸ்கேன், எமர்ஜென்சி வார்டில் கூட்ட நெரிசல் இவையெல்லாம் நிறைய வரும். கண்ணாடி விரியன் அபூர்வமாகத்தான் வரும். அது அவர்கள் தவறல்ல, அவர்கள் ஊரில் அந்தப் பாம்பு இல்லை.

இரண்டாம் படி: கேள்வியை உங்கள் வார்டிலிருந்து எடுங்கள்

இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். இதழைப் புரட்டிக் கேள்வி தேடாதீர்கள். நேற்று இரவு டூட்டியில் எதில் தடுமாறினீர்களோ அதுதான் உங்கள் கேள்வி.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தால் வயலில் ஆள் இறங்குவார்கள், பாம்பும் மேட்டுக்கு ஏறும். குறுவை நடவு, சம்பா நடவு, தை அறுவடை, வைக்கோல் போர் என்று வேலைக்குத் தகுந்தபடி பாம்புக்கடி வந்துகொண்டே இருக்கும். இரவு தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து, கண்ணிமை சரிந்து வருவார். உடம்பில் கடிவாய் எதுவும் தெரியாது. அனுபவமுள்ள நர்ஸ் சிஸ்டரே "கட்டு விரியன் சார்" என்று சொல்லிவிடுவார். அதற்கடுத்தது பூச்சிமருந்து, எலி பேஸ்ட், அரளி. மழைக்காலம் முடிந்தால் காய்ச்சலோடு மஞ்சள் காமாலை வரும், அப்போது எலிக்காய்ச்சலா, ஸ்க்ரப் டைஃபஸா என்று பார்க்க வேண்டும்.

இவற்றுக்கான அறிவு 'எமர்ஜென்சி' என்று பெயர் போட்ட இதழ்களில் கொஞ்சம்தான் கிடைக்கும். பாம்புக்கடிக்கு 'டாக்ஸிகான்', 'பி.எல்.ஓ.எஸ். நெக்ளெக்டட் ட்ராபிகல் டிசீஸஸ்' இரண்டையும் பாருங்கள். விஷத்துக்கு 'கிளினிகல் டாக்ஸிகாலஜி'. எலி பேஸ்ட்டுக்குக் கல்லீரல், இரைப்பைக் குடல் மருத்துவ இதழ்கள். தீவிர சிகிச்சைக்கு 'இண்டியன் ஜர்னல் ஆஃப் கிரிட்டிகல் கேர் மெடிசின்'. துறையின் பெயரை வைத்துத் தேடினால் இவை கண்ணில் படாது.

தேடும்போது ஒரு சின்ன விஷயம். மஞ்சள் அரளிக்கு இப்போதைய தாவரவியல் பெயர் காஸ்கபேலா தெவேஷியா, பழைய பெயர் தெவேஷியா பெருவியானா. பழைய கட்டுரைகள் பழைய பெயரில்தான் இருக்கும். அதனால் இரண்டையும், ஆங்கிலத்தில் வழங்கும் ஓலியாண்டர் என்ற பெயரையும் சேர்த்துப் போடுங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் 'மெஷ்' என்ற சொல்பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு பெயரைப் போட்டால் மற்றப் பெயர்களில் உள்ளவற்றையும் பெரும்பாலும் இழுத்து வரும். ஒரு மாலை அதோடு உட்கார்ந்தால் பழகிவிடும்.

மூன்றாம் படி: இரண்டு பேப்பரை எதிரெதிரே வைத்துப் படியுங்கள்

ஜர்னல் கிளப் என்றாலே ஒரு பேப்பரை எடுத்து, ஸ்லைடில் வெட்டி ஒட்டி, கடைசியில் "முடிவுரை" என்று வாசிப்பது வழக்கமாகிவிட்டது. அதைவிட ஒரே கேள்விக்கு மாறான விடை சொல்லும் இரண்டு பேப்பர்களை எடுத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் நிறையக் கற்கலாம். நம் ஊருக்குப் பொருத்தமான ஒரு ஜோடியைச் சொல்கிறேன்.

ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிமருந்து விஷத்துக்கு வழக்கமான முறிவு மருந்தான அட்ரோபினோடு பிராலிடாக்ஸிம் என்ற இன்னொரு முறிவு மருந்தையும் கொடுக்கலாமா? 2006-இல் 'லான்செட்'டில் ஓர் ஆய்வு வந்தது. நடந்த இடம் மகாராஷ்டிரத்தின் பாராமதி. பெரிய நகரம் இல்லை, பெரிய ஆராய்ச்சி நிறுவனமும் இல்லை. 200 நோயாளிகள். பிராலிடாக்ஸிமை இடைவிடாமல் சொட்டாக ஏற்றிய பிரிவில் இறப்பு 1 சதவீதம், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விட்டு விட்டுக் கொடுத்த பிரிவில் 8 சதவீதம். படித்தவுடன் "அப்படியானால் சொட்டாகவே ஏற்றிவிடலாம்" என்று தோன்றும்.

2009-இல் 'பி.எல்.ஓ.எஸ். மெடிசின்' இதழில் இலங்கை ஆய்வு வந்தது. 235 நோயாளிகள். மருந்து பெற்ற பிரிவில் இறப்பு 24.8 சதவீதம், மருந்தில்லாத பிரிவில் 15.8 சதவீதம். மருந்து உதவவில்லை. கெடுதல் செய்தது என்று சொல்லவும் அந்த வித்தியாசம் போதாது.

இப்போது கேள்விகளை அடுக்குங்கள். முதல் ஆய்வில் ஒப்பீடு எதற்கும் எதற்கும்? ஒரே மருந்தைக் கொடுக்கும் இரண்டு முறைகளுக்கு இடையே. மருந்தே கொடுக்காத பிரிவு அங்கே இல்லை. இரண்டாவதில் மருந்துக்கும் வெறும் உப்புநீருக்கும் இடையே. ஆக, இரண்டும் கேட்ட கேள்வியே வேறு! மருந்தின் அளவும் வேறு. இரண்டு ஆய்வுகளிலும் ஒட்டுமொத்த இறப்பு விகிதம் எவ்வளவு தள்ளி இருக்கிறது பாருங்கள், நோயாளிகள் வந்து சேர்ந்த நிலையும் ஒன்றாக இருந்திருக்காது. இலங்கை ஆய்வு திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே நிறுத்தப்பட்டது. அப்புறம் நம் ஊருக்கு வாருங்கள். வேதாரண்யம் பக்கத்திலிருந்து 108-இல் வந்து சேர எவ்வளவு நேரமாகிறது, வென்டிலேட்டர் காலியாக இருக்கிறதா, எந்தப் பூச்சிமருந்து? இந்த வேலை முடிந்தபின் 'லான்செட்' பெரிய இதழா, 'பி.எல்.ஓ.எஸ். மெடிசின்' பெரிய இதழா என்ற கேள்வி யாருக்கும் எழாது.

இதே மாதிரி இன்னொரு ஜோடியும் இருக்கிறது. அரளி விஷத்துக்கு (2008 ஆய்வில் மற்ற விஷங்களுக்கும்) திரும்பத் திரும்ப மருத்துவக் கரி கொடுப்பது பற்றி 2003-இலும் 2008-இலும் வந்த இரண்டு இலங்கை ஆய்வுகள். இரண்டுமே 'லான்செட்'தான், விடை மட்டும் வேறு வேறு. அதை நீங்களே பிரித்துப் பாருங்கள்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், அனுராதபுரத்து நெல் வயல்களில் நடப்பதும் இந்தப் பக்கம் மன்னார்குடி வயல்களில் நடப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் மாவட்ட மருத்துவமனைகளை வைத்தே உலகம் படிக்கிற ஆய்வுகளைச் செய்துவிட்டார்கள். நம்மிடம் நோயாளிகள் குறைவாகவா வருகிறார்கள்?

நான்காம் படி: முழுக் கட்டுரையைக் கையில் எடுங்கள்

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஜர்னல் கிளப்புக்கு வராதீர்கள். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 30 பதிப்பாளர்களின் கிட்டத்தட்ட 13,000 இதழ்களை மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்கள் படிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் கல்லூரி அதில் பதிவாகியிருக்கிறதா, வெளியிலிருந்து உள்நுழைய என்ன வழி என்று நூலகரிடம் நேரில் போய்க் கேளுங்கள். மருத்துவக் கல்லூரி நூலகர்களிடம் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை. கேட்டால் ஆர்வமாக உதவுவார்கள்.

திட்டத்தில் வராத இதழ் என்றால் பப்மெட் சென்ட்ரலில் இலவசப் பிரதி இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கட்டுரையாளருக்கு நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலோர் சந்தோஷமாகப் பிரதி அனுப்புவார்கள். பி.எல்.ஓ.எஸ். இதழ்கள் முழுவதும் திறந்தவை, சந்தா இல்லாமல் செல்போனிலேயே படிக்கலாம்.

ஐந்தாம் படி: இம்பாக்ட் ஃபேக்டரை அதன் இடத்தில் வையுங்கள்

கணக்கு எளிது. ஓர் இதழ் 2023, 2024 ஆண்டுகளில் மொத்தம் 100 கட்டுரைகள் போட்டது என்று வைப்போம். 2025-இல் மற்றவர்கள் அந்தக் கட்டுரைகளை 250 தடவை மேற்கோள் காட்டினால், அந்த இதழின் 2025 இம்பாக்ட் ஃபேக்டர் 2.5. யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் முன்வைத்த எண்ணத்திலிருந்து வளர்ந்தது இது. நூலகங்கள் எந்த இதழை வாங்கலாம் என்று முடிவெடுக்க உதவிய எண், இன்று ஆளை எடைபோடப் பயன்படுகிறது.

இது சராசரி என்பதை மறக்கக் கூடாது. நான்கைந்து கட்டுரைகள் நூற்றுக்கணக்கில் மேற்கோள் வாங்கினால் மீதியெல்லாம் அதன் நிழலில் நிற்கும். 'ரிசசிடேஷன்' ஐரோப்பிய உயிர்மீட்பு வழிகாட்டு நெறிகளை வெளியிடுகிறது. உலகம் முழுக்க அந்த வேலையில் இருப்பவர்கள் அதை மேற்கோள் காட்டியே ஆக வேண்டும். புற்றுநோய்த் துறையில் ஆண்டுதோறும் புள்ளிவிவரக் கட்டுரை போடும் ஓர் இதழ் உலகிலேயே மிக உயர்ந்த இம்பாக்ட் ஃபேக்டர் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். பாம்புக்கடி ஆராய்ச்சி செய்கிறவர்கள் உலகில் குறைவு, ஆகவே அந்த இதழ்களின் எண்ணும் சின்னதாகவே இருக்கும்.

ஆனால் செல்வாக்கு? இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 46,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்ற மதிப்பீடு 2011-இல் 'பி.எல்.ஓ.எஸ். நெக்ளெக்டட் ட்ராபிகல் டிசீஸஸ்' இதழில்தான் வந்தது. மருத்துவமனைப் பதிவுகளை மட்டும் நம்பாமல் வீடு வீடாக இறப்பை விசாரித்த ஆய்வு அது. அரசுக் கணக்கில் இருந்ததைவிடப் பல மடங்கு. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2024-இல் மத்திய அரசு, 2030-க்குள் இறப்பைப் பாதியாக்கும் செயல்திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். இன்று உங்கள் கேஷுவாலிட்டியில் நீங்கள் நிரப்பும் படிவத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட கட்டுரைகளும் இருக்கின்றன.

ஆறாம் படி: சின்னதாக எழுதத் தொடங்குங்கள்

தீசிஸ்தான் முதல் பேப்பராக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆசிரியருக்குக் கடிதம், ஒரு கேஸ் ரிப்போர்ட், ஒரு கிளினிகல் படம், எதில் வேண்டுமானாலும் தொடங்கலாம். ஹிம்மத்ராவ் பவாஸ்கர் கொங்கணக் கரையில் மஹாட் வட்டாரத்தில் சிவப்புத் தேள் கொட்டியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் மருத்துவர். கூர்ந்து கவனித்து எழுதியதை 1982-இல் 'லான்செட்' வெளியிட்டது. பிரசோசின் மருந்து தேள்கடிக்கு வழக்கமானது அவருடைய தொடர்ந்த வேலையால். 2011-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழான 'பி.எம்.ஜே.'யில் வந்த அவரது ஆய்வும் அதே மஹாடில் நடந்ததுதான்.

நடைமுறையில் முதலில் கவனிக்க வேண்டியது ஒப்புதல். கேஸ் ரிப்போர்ட் எழுதும் எண்ணம் வந்த அன்றே, நோயாளி டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன், தமிழில் ஒப்புதல் படிவம் வாங்கிவிடுங்கள். கோடியக்கரையிலிருந்து வந்தவரை ஆறு மாதம் கழித்துத் தேடிப் பிடிக்க முடியாது. படத்தை எந்த இதழில், எதற்காகப் போடப்போகிறோம், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதைப் புரியும்படி சொல்லுங்கள். "ஒரு கையெழுத்துப் போடுங்கய்யா" என்று நீட்டுவது ஒப்புதல் ஆகாது. விஷம் குடித்து வந்தவர்கள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். ஊர், தொழில், வயது, தேதி நான்கையும் சேர்த்து எழுதினால் பக்கத்துத் தெருக்காரர் அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்.

ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி முதலில், தரவு சேகரிப்பு பிறகு. சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகமான சி.டி.ஆர்.ஐ.யில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அங்கே பின்தேதிப் பதிவு கிடையாது. எழுதும்போது வகைக்கு ஏற்ற சரிபார்ப்புப் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள். கேஸ் ரிப்போர்ட்டுக்கு 'கேர்', கவனிப்பு ஆய்வுக்கு 'ஸ்ட்ரோப்', குலுக்கல் முறை ஆய்வுக்கு 'கன்சார்ட்'.

யார் பெயரைப் போடுவது என்பதை ஆரம்பத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். வேலை செய்யாதவர் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பது நம் பக்கம் சகஜம், ஆனால் சர்வதேச விதிகளில் அதற்கு இடமில்லை. உதவியவருக்கு நன்றிப் பகுதி இருக்கிறது. இதை ஹெச்.ஓ.டி.யிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம்.

ஏழாம் படி: இதழைத் தேர்ந்தெடுப்பதும் ஏமாறாமல் இருப்பதும்

உங்கள் கட்டுரையை யார் படித்தால் பயன் என்று முதலில் யோசியுங்கள். திருத்துறைப்பூண்டி தாலுகா மருத்துவமனை டாக்டருக்குப் பயன்படும் விஷயம் என்றால், இந்திய மருத்துவர்கள் புரட்டும் இதழே நல்லது. உங்கள் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள், எந்த இதழ் அதில் மூன்று நான்கு தடவை வருகிறதோ அதற்கு உங்கள் கட்டுரை பொருந்த வாய்ப்பு அதிகம்.

முதல் மாநாட்டில் பெயர் கொடுத்ததுமே மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். "மதிப்புக்குரிய பேராசிரியரே, உங்கள் மேலான கட்டுரையை எதிர்பார்க்கிறோம், ஐந்து நாளில் ஏற்பு." முதலாம் ஆண்டு பி.ஜி.யைப் பேராசிரியர் என்று அழைக்கும் இதழை அப்படியே குப்பைக்கு அனுப்புங்கள். பணம் கேட்பதே மோசடி என்று அர்த்தமில்லை, திறந்த இதழ்கள் பலவும் கட்டணம் வாங்குகின்றன. கட்டணம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்கிறதா, ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையிலேயே அந்தத் துறையினரா, போன வருடக் கட்டுரைகள் படிக்கும் தரத்தில் இருக்கின்றனவா, இவற்றைப் பாருங்கள். திறந்த இதழ் என்றால், தரமான திறந்த இதழ்களைத் தொகுக்கும் டி.ஓ.ஏ.ஜே. பட்டியலில் தேடுங்கள். "பப்மெட்டில் இருக்கிறது" என்ற விளம்பரத்தை மட்டும் நம்ப வேண்டாம். தரம் பார்த்து இதழ்களைச் சேர்க்கும் மெட்லைன் பட்டியலில் தேர்வாகிச் சேர்ந்த இதழ் வேறு, தனிக் கட்டுரைகள் வேறு வழியில் பப்மெட்டுக்குள் வந்த இதழ் வேறு. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் இதழின் பெயரைப் போட்டால் இது தெரிந்துவிடும். நல்ல இதழின் பெயரில் போலி இணையதளம் நடத்துகிறவர்களும் உண்டு, ஆகவே தேடுபொறி காட்டும் முதல் முகவரிக்கே கட்டுரையை அனுப்பிவிடாதீர்கள்.

தேர்வுக்கும் பதவி உயர்வுக்கும் எந்த இதழ் செல்லும் என்ற விதி அவ்வப்போது மாறும். சீனியர் சொன்னதை விட்டுவிட்டு, தேசிய மருத்துவ ஆணையமும் பல்கலைக்கழகமும் வெளியிட்டிருக்கும் நடப்பு அறிவிப்பைப் படியுங்கள்.

அனுப்பிய பிறகு

நிராகரிப்பு வரும். காரணம் எழுதியிருந்தால் திருத்தி அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். திருத்தம் கேட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ரிவ்யூவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி, எந்தப் பக்கத்தில் எந்த வரியில் மாற்றினீர்கள் என்று காட்டுங்கள். அவர் சொன்னது தவறென்றால் மரியாதையாகக் காரணத்தோடு மறுக்கலாம்.

கடைசியில் அச்சுக்கு முந்தைய ப்ரூஃப் வரும். மருந்தின் அளவு, தசமப் புள்ளி, அட்டவணை எல்லாவற்றையும் சரிபார்த்தபின் உங்கள் பெயரையும் பாருங்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இதழின் படிவமோ அதைக் கட்டாயமாகக் கேட்கும். இனிஷியலை விரித்துப் போட்டால் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும், உலகம் உங்கள் கட்டுரையை அப்பா பெயரில் மேற்கோள் காட்டும். ஒரு கட்டுரையில் இப்படி, அடுத்ததில் அப்படி என்று போனால் பப்மெட்டில் நீங்கள் இரண்டு ஆளாகத் தெரிவீர்கள். முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, ஆர்கிட் என்ற இலவச ஆய்வாளர் எண்ணை இணையத்தில் பதிந்து வாங்கி, கட்டுரை அனுப்பும்போதெல்லாம் அந்த எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.